குப்பையின் பேரில் வாங்கிய பணம்

(உள்ளாட்சி நிதி பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளாட்சி நிதி பற்றி ஆண்டுக்கொரு பேச்சு என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. நிதி என்று அழைப்பிதழில் போட்டால் முன்வரிசை நாற்காலிகூட நிறையாது என்று பயந்து, குப்பை என்று போடச் சொன்னேன். வந்துவிட்டீர்கள். இனி நிதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பேச எடுத்துக்கொண்ட ஊர் மேடிசன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர். மென்டோட்டா, மொனோனா என்று இரண்டு ஏரிகள், இரண்டுக்கும் நடுவே குறுகிய நிலப்பட்டை, அதன் மேட்டில் வெள்ளைக் குவிமாடத்தோடு மாநிலச் சட்டமன்றம். அங்கிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே மேயர் அலுவலகம் வந்துவிடும். மாநில அரசும் மாநகராட்சியும் அண்டை வீட்டார். 2010 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 2.33 லட்சம். நம் கணக்கில் நடுத்தர ஊர்.

2011 இல் இந்த அண்டை வீட்டாருக்குள் பல சண்டைகள். உலகம் கவனித்தது ஒன்றை மட்டும்: அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை ஒடுக்கிய சட்டமும், அதை எதிர்த்துச் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இரவு பகலாகத் தங்கிய கூட்டமும். அந்த முழக்கத்துக்கு நடுவே, செய்தித்தாள்களின் உள்பக்கங்களில் இன்னொரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. மாநகராட்சிகளுக்கும் சிற்றூர்களுக்கும் மாநிலம் கொடுத்துவந்த மறுசுழற்சி மானியத்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனை பற்றிய தகராறு அது.

மறுசுழற்சிக்கு மானியம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் தெருவில் பழைய பேப்பர்க்காரர் வருகிறார், எடை போடுகிறார், காசு கொடுத்துவிட்டு எடுத்துப் போகிறார். அரசாங்கம் அதில் எங்கும் இல்லை. விஸ்கான்சினில் அவர் இல்லை. அவர் செய்யும் வேலையை அங்கே மாநகராட்சி லாரி செய்கிறது. ஓட்டுநருக்குச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, டீசல், வீட்டுக்கு வீடு தொட்டி, கலந்து வருவதைத் தரம் பிரிக்கும் ஆலை என்று செலவு நீள்கிறது. விற்று வரும் காசு சில ஆண்டுகள் கை கொடுக்கும், சில ஆண்டுகள் காலை வாரும். பக்கத்து மிச்சிகன் மாநிலத்தில் குளிர்பானக் குப்பிக்கு 10 சென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு, காலிக் குப்பியைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் சட்டம் உண்டு. அதனால் அங்கே குப்பிகள் கடைக்கே திரும்பிப் போகின்றன. விஸ்கான்சினில் அந்தச் சட்டமும் இல்லை. எல்லாம் நகரத்தின் தொட்டிக்கே.

மேடிசனுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. வீட்டு வாசலில் வைத்த செய்தித்தாள் கட்டுகளை 1968 லேயே தனியாகச் சேகரித்த நகரம் அது. அமெரிக்காவில் முதன்முதலாக அப்படிச் செய்த நகரங்களில் ஒன்று. குப்பை லாரியின் அடியில் தாள் கட்டுகளுக்கென்று ஓர் அடுக்கைப் பொருத்திக்கொண்டு கிளம்பினார்கள். மத்திய அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடம் 1910 முதல் அந்த ஊரில் இருக்கிறது. மரக்கூழும் காகிதமும் அந்த ஊர்க்காரர்களுக்கு அன்னியமான விஷயங்கள் அல்ல. 1970 இல் புவி நாளைத் தொடங்கிவைத்த செனட்டர் கேலார்ட் நெல்சனும் விஸ்கான்சின்காரர்தான், அதற்கு முன் அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். நம் ஆளுநர் பதவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு நகரம் தானாகச் செய்துகொண்டிருந்த காரியத்தை மாநிலம் முழுவதற்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1990 இல் வந்தது. சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை, கையெழுத்திட்ட ஆளுநர் டாமி தாம்ப்சன் குடியரசுக் கட்சிக்காரர். மறுசுழற்சி ஒரு கட்சியின் கொடியாக அன்று இருக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தை நான் ஓர் ஒப்பந்தமாகவே வாசிக்கிறேன். மாநிலம் நகரங்களிடம் மூன்று காரியங்களைச் சேர்த்துச் சொன்னது. இன்னின்ன பொருள்களைக் குப்பைக் கிடங்கில் புதைக்கக் கூடாது, அது தடை. உங்கள் ஊரில் அவற்றைத் தனியே சேகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அது கடமை. அதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன், அது பணம். தடை படிப்படியாக வந்தது. 1991 இல் பெரிய வீட்டுச் சாதனங்களும் கார் பேட்டரிகளும், 1993 இல் தோட்டத்து இலைதழைகளும், 1995 இல் செய்தித்தாள், அட்டை, கண்ணாடிக் குப்பி, தகர டப்பா, பிளாஸ்டிக் குப்பி, டயர் ஆகியவையும். கடமையை ஏற்றுக்கொண்ட உள்ளாட்சிகளுக்குச் சட்டம் 'பொறுப்பு அலகு' என்று பெயர் வைத்தது. நகரங்கள், கிராமங்கள், கவுண்ட்டிகள் என்னும் மாவட்டங்கள், பழங்குடி நாடுகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள். மேடிசனில் 1991 இல் மறுசுழற்சி கட்டாயமானது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கதையின் சூடு இருக்கிறது. பொதுக் கருவூலத்திலிருந்து யாரோ பெரிய மனசு பண்ணி எடுத்துக் கொடுத்த பணம் அல்ல அது. மறுசுழற்சி நிதி என்று தனிக் கணக்கு. அதில் வந்து சேரும் வாய்க்கால்கள் இரண்டு. ஒன்று, பெரிய வணிகங்கள் மீது கூடுதல் வரி. ஆண்டு வரவு 40 லட்சம் டாலருக்கு மேல் உள்ள நிறுவனம், தான் செலுத்தும் மாநில வருமான வரியில் 3 விழுக்காட்டைச் சேர்த்துக் கட்ட வேண்டும், குறைந்தது 25 டாலர், மிஞ்சிப்போனால் 9,800 டாலர். அதன் பெயரே 'மறுசுழற்சிக் கூடுதல் வரி'. மற்றொன்று, கிடங்கில் கொட்டப்படும் ஒவ்வொரு டன் குப்பைக்கும் ஒரு கட்டணம். 2000களின் தொடக்கத்தில் டன்னுக்கு 3 டாலர், பிறகு 4, 2009 இல் 7.

அந்த 7 டாலரைக் கட்டுவது யார்? குப்பையைக் கொட்டுகிறவர். மேடிசனின் குப்பையைக் கொட்டுகிறவர் மேடிசன் மாநகராட்சி. அதாவது நகரம் மாநிலத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி, மாநிலத்தின் மானியம் என்ற பெயரோடு நகரத்துக்குத் திரும்பி வந்தது. இல்லினாயிலிருந்து எல்லை தாண்டி வரும் குப்பைக்கும் அதே கட்டணம்தான். உங்கள் ஊரில் மறுசுழற்சி இல்லையென்றால் உங்கள் குப்பை இங்கே வரக் கூடாது என்று அண்டை மாநிலத்தாருக்கு விஸ்கான்சின் ஒரு நிபந்தனை போட்டுப் பார்த்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் தலையிடுகிறாய் என்று 1995 இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. நிபந்தனை போனது, கட்டணம் நிலைத்தது.

தனிக் கணக்கு என்று எழுதிவைப்பது எளிது. கருவூலம் வறண்ட ஆண்டுகளில் அந்தக் கணக்கின் மீது எல்லோருக்கும் கண். 2000களில், ஜனநாயகக் கட்சியின் ஜிம் டாயில் ஆளுநராக இருந்த காலத்திலேயே, மறுசுழற்சி நிதியிலிருந்து பொது நிதிக்குப் பணம் கை மாறியது. பின்னால் வந்தவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். நியாயம் அல்ல. கன்னம் வைத்த சுவர் அது, ஓட்டையைப் பெரிதாக்கியவர்தான் புதியவர்.

2011 மார்ச் 1. புதிய ஆளுநர் ஸ்காட் வாக்கர் இரண்டு ஆண்டுகளுக்கான வரவுசெலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைத்தார். 360 கோடி டாலர் பற்றாக்குறை என்று அரசு சொன்னது. பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ளாட்சிகளுக்குமான நிதியிலெல்லாம் வெட்டு. அந்த நீண்ட பட்டியலில் ஓரிடத்தில் மறுசுழற்சி மானியம்: ஆண்டுக்கு சுமார் 3.2 கோடி டாலர், இனி பூஜ்யம். கூடவே உள்ளாட்சிகள் மறுசுழற்சித் திட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்ற கடமையும் நீக்கம். பணத்தை நிறுத்துகிறோம், சுமையையும் இறக்கிவிடுகிறோம், கணக்கு சரியாகிவிட்டது என்பது அரசின் வாதம்.

வாதத்தில் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விஸ்கான்சினின் வடக்கே காடுகளுக்கு நடுவே சில நூறு பேர் வாழும் ஊர்கள் உண்டு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே மைல் கணக்கில் தூரம். அங்கேயும் மேடிசன் மாதிரியே செய் என்று தலைநகரில் உட்கார்ந்து உத்தரவு போடுவது சரியா என்ற கேள்வி நேர்மையானது. 20 ஆண்டுகளில் மக்களுக்குப் பழகிவிட்டது, இனியும் ஊக்கத்தொகை எதற்கு என்ற கேள்வியும் அப்படித்தான். உள்ளாட்சிக்குச் சுதந்திரம் கொடு என்று இதே மேடையில் ஆண்டாண்டாகப் பேசிவிட்டு, ஓர் அரசு கடமையைத் தளர்த்துகிறேன் என்று வரும்போது மட்டும் நாம் முகம் சுளிக்கக் கூடாது.

ஆனால் திட்டத்தை வரி வரியாகப் படித்தால், இறக்கிவைத்தது எது, வைத்துக்கொண்டது எது என்று தெரியும். கடமை போனது. பணம் போனது. தடை மட்டும் அப்படியே நின்றது. குப்பியையும் தாளையும் கிடங்கில் புதைக்கக் கூடாது என்பது சட்டத்தில் தொடரும். வீட்டுக்காரர் அதைக் குப்பையில் போடக் கூடாது, ஆனால் அதை எடுத்துப் போக யாரும் வர வேண்டியதில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் குடிமகன் யாருடைய கதவைத் தட்டுவான்? ஆளுநர் மாளிகையையா? நகரமன்ற உறுப்பினருக்குத்தான் தொலைபேசி அடிக்கும். சட்டப் புத்தகத்திலிருந்து கடமையை எடுத்துவிட்டாலும் தெருவிலிருந்து எடுக்க முடியாது. மேடிசன் உள்ளிட்ட ஊர்கள் கோபப்பட்டதற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் வைப்பேன்.

அடுத்தது இன்னும் உறைப்பானது. மானியத்தை நிறுத்திய அரசு, அதன் பேரில் வாங்கிய வரியை நிறுத்தவில்லை. வணிகங்கள் கட்டிய மறுசுழற்சிக் கூடுதல் வரி தொடரும், ஆனால் பணம் பொருளாதார வளர்ச்சித் திட்டங்களுக்குத் திரும்பும். டன்னுக்கு 7 டாலரும் தொடரும், வேறு கணக்கில் சேரும். வாய்க்கால்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, மடை மட்டும் மாறியது.

நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சோழர் காலத்தில் ஒருவர் நந்தாவிளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார். சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டுவார்கள். ஆடு செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாமல் இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும், நாள்தோறும் உழக்கு நெய் வந்தாக வேண்டும். அந்த நெய்யை எடுத்து மடப்பள்ளியில் பொங்கலுக்கு ஊற்றினால், பொங்கலும் சாமிக்குத்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பொங்கல் நல்ல காரியம்தான். ஆடு விட்டவர் விட்டது விளக்குக்கு. விஸ்கான்சினுக்குப் பொருளாதார வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கென்று தனியே வரி கேட்டிருந்தால் மக்கள் கொடுத்திருப்பார்களோ மாட்டார்களோ, அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பதிலை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் ஆட்சேபம்.

இதற்கு மேல் ஒரு பூட்டு. மாநிலம் பணம் தராவிட்டால் என்ன, நகரமே வரியை உயர்த்திக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். உயர்த்த முடியாது. சொத்துவரி வசூலை ஆண்டுக்கு எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு மாநிலச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. அதே 2011 திட்டம் அந்த வரம்பை இன்னும் இறுக்கியது. ஊரில் புதிதாக எழும்பும் கட்டடங்களால் வரும் வளர்ச்சி அளவுக்குத்தான் வசூல் கூடலாம், அதற்கு மேல் கூட்ட ஊர் மக்களே வாக்கெடுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாநில வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கான பங்கிலும் வெட்டு. ஆக நகரமன்றத்தின் மேசையில் மறுசுழற்சி லாரியும் தீயணைப்பு வண்டியும் நூலகமும் ஒரே தட்டில் வந்து உட்காரும். சுதந்திரம் கொடுத்தோம் என்று சொன்ன கை, சில்லறையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டது.

மேடிசன் மறுசுழற்சியை நிறுத்திவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நிறுத்தவும் முடியாது. 2005 இல்தான் வீடுதோறும் சக்கரம் வைத்த பெரிய தொட்டி கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடும் முறைக்கு ஊர் மாறியிருந்தது. தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் இயந்திரக் கை பொருத்திய லாரிகள் வந்துவிட்டன. புதைத்தாலும் செலவுதான், டன்னுக்கு டன் கட்டணம். அப்படியானால் அந்த ஊருக்கு என்ன நட்டம்? மானியத் தொகை போகும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் அல்ல. மறுசுழற்சி ஓர் ஊரின் எல்லைக்குள் முடிகிற தொழில் இல்லை. விஸ்கான்சின் அமெரிக்காவின் முதன்மையான காகித மாநிலம். ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரிசையாக ஆலைகள். கிரீன் பே நகரில் பழைய தாளையே மூலப்பொருளாக வைத்து மென்தாள் செய்கிறார்கள். அந்த ஆலைகளுக்கு வேண்டியது தடையில்லாமல் வரும் பழைய தாள். அவுட்டகாமி, பிரவுன், வின்னபேகோ ஆகிய மூன்று கவுண்ட்டிகள் சேர்ந்து 2009 இல்தான் ஒரு பெரிய தரம்பிரிப்பு ஆலையைத் திறந்திருந்தன. எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை டன் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கடன் வாங்கி இப்படிப்பட்ட ஆலைகளைக் கட்டுவார்கள். நூறு சிற்றூர்கள் ஒரே ஆண்டில் விலகிக்கொண்டால் மீதிப் பேருக்கு டன்னுக்கு ஆகும் செலவு ஏறும். மேடிசன் தன் சொந்த மானியத்துக்காக மட்டும் பேசியிருந்தால் அந்தப் பேச்சுக்கு இவ்வளவு எடை இருந்திருக்காது. சின்ன ஊர்கள் கழன்றுபோனால் பெரிய ஊரும் அடிபடும் என்பதால்தான், கட்சி பேதம் பார்க்காமல் எதிர்ப்பு வந்தது. சட்டமன்றத்தின் கூட்டு நிதிக் குழு மாநிலத்தின் பல ஊர்களுக்குப் போய் நடத்திய பொது விசாரணைகள் வரை அது போனது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 இல் பழைய தாளுக்கும் உலோகத்துக்கும் நல்ல விலை. விற்றே சமாளித்துக்கொள்ளலாமே என்று சொன்னவர்களுக்கு அது வசதியாக இருந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2008 இன் கடைசி மாதங்களில், அதே தாளின் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. சந்தை கை கொடுக்கிற ஆண்டில் மானியத்தை அறுத்துவிட்டு, கைவிடுகிற ஆண்டில் திரும்பக் கொடுத்த அரசை நான் கண்டதில்லை.

2011 ஏப்ரலில் மேடிசனில் மேயர் தேர்தல். பால் சாக்லின் வென்றார். 1970களில் இளைஞராக முதல்முறை மேயரானவர், பிறகு 1989 முதல் 1997 வரை மறுபடியும் மேயர். அதாவது 1990 சட்டம் வந்தபோதும், ஊரில் மறுசுழற்சி கட்டாயமானபோதும் அந்த நாற்காலியில் இருந்தவர். ஒப்பந்தம் எழுதிய காலத்தில் இருந்தவரே, அது கிழிக்கப்படும் காலத்திலும் வந்து உட்கார்ந்தார். நாவலாசிரியர் எழுதினால் மிகை என்போம்.

முடிவு என்ன ஆனது? ஆளுநரின் சொந்தக் கட்சிக்காரர்களே பெரும்பான்மையாக இருந்த கூட்டு நிதிக் குழு, யோசனையை அப்படியே விழுங்கவில்லை. மறுசுழற்சித் திட்டம் நடத்தும் கடமை சட்டத்தில் நீடித்தது. மானியமும் திரும்பியது, ஆனால் 3.2 கோடியாக அல்ல. ஆண்டுக்கு 1.9 கோடி டாலர், கூடுதலாக, ஊர்கள் ஒன்று சேர்ந்து திட்டம் நடத்தினால் கொடுக்க 10 லட்சம். ஜூன் 26 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். உள்ளாட்சிகள் மூச்சு விட்டன. பத்திரிகைகளில் மறுசுழற்சி தப்பியது என்று எழுதினார்கள்.

தப்பியதுதான், எப்படித் தப்பியது என்று பாருங்கள். தடை முழுதாக இருக்கிறது. கடமை முழுதாக இருக்கிறது. பணத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லை. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பூஜ்யம் என்று ஆரம்பித்தால், பாதிக்குச் சற்று மேலே கிடைத்ததும் எதிராளி நன்றி சொல்லிவிட்டுப் போவான். அதோடு, கூடுதல் வரியின் பெயரிலிருந்து மறுசுழற்சி என்ற சொல் எடுக்கப்பட்டது. புதுப் பெயர், 'பொருளாதார வளர்ச்சிக் கூடுதல் வரி'. அதே 3 விழுக்காடு, அதே 9,800 டாலர் உச்சம். மறுசுழற்சி நிதி என்ற தனிக் கணக்கும் மூடப்பட்டது. மானியம் குறைந்ததைவிட இதைத்தான் நான் பெரிய தோல்வியாகக் கருதுகிறேன். தொகை குறைந்தால் அடுத்த ஆண்டு கூட்டிக் கேட்கலாம். கணக்கே இல்லாமல் போனபின், எங்கள் பணம் எங்கே என்று எதைக் காட்டிக் கேட்பது? நகரங்கள் அந்த வேனிலில் மானியத் தொகைக்குக் கொடுத்த குரலை இந்தக் கணக்குக்குக் கொடுக்கவில்லை என்பது என் குறை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 இல் மாநிலம் சொத்துவரி உச்சவரம்பில் இன்னொரு முடிச்சுப் போட்டது. அதுவரை சொத்துவரியில் நடந்துவந்த குப்பை சேகரிப்பு, தீயணைப்பு, பனி அகற்றல் போன்ற சில பணிகளுக்கு நகரம் புதிதாகத் தனிக் கட்டணம் விதித்தால், அந்த அளவுக்குச் சொத்துவரியைக் குறைத்தாக வேண்டும். 2018 இல் சீனா வெளிநாட்டுக் கழிவுத் தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கதவை ஏறக்குறைய மூடியது. அமெரிக்கா முழுவதும் விலை சரிந்தது. தரம் பிரிப்பவரிடமிருந்து நகரங்களுக்குக் காசு வந்த காலம் போய், பல ஊர்கள் தரம் பிரிப்பவருக்குக் காசு கொடுக்கும் காலம் வந்தது.

மேடிசன் அந்த 2013 சட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. அதன் பட்டியலில் குப்பை சேகரிப்பு இருக்கிறது, மறுசுழற்சி இல்லை. மேயர் சத்யா ரோட்ஸ்-கான்வேயின் காலத்தில், 2022 முதல், மறுசுழற்சிச் செலவுக்காக வளமீட்புத் தனிக் கட்டணம் என்று ஒன்றை நகரம் கொண்டுவந்தது. தண்ணீர், கழிவுநீர்க் கட்டணங்களோடு ஒரே ரசீதில் அது ஒரு வரியாக வீட்டுக்கு வருகிறது. தொகை பெரிதல்ல. ஆனால் அந்த ரசீதைக் கையில் வாங்கும் மேடிசன் வீட்டுக்காரர், கிடங்குக்குப் போகும் தன் குப்பைக்காக நகரத்தின் வழியே டன் கட்டணம் கட்டுகிறார், சொத்துவரியும் கட்டுகிறார், இப்போது இதையும் கட்டுகிறார். அவர் வேலை பார்க்கும் நிறுவனம் கொஞ்சம் பெரியதாக இருந்தால், பெயர் மாறிய அந்த 3 விழுக்காட்டை அதுவும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.